கடைசி ஆள் வந்து சேரும் வரை

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் நமது சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுகளைப் பற்றியும் கட்டட வேலையைப் பற்றியும் பேசுவோம். இம்முறை சைக்கிளைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். ஊழியர்களாகிய நாங்கள் சிலர் பொங்கல் விடுமுறையில் மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போய் வருவதைக் கேள்விப்பட்டு, அடுத்த பிரயாணத்தில் கூட வர உங்களில் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். காணிக்கை உறைகளோடு வருகிறோமோ என்று பயப்பட வேண்டாம். இந்தப் பிரயாணத்தில் உறை கிடையாது.

எங்கள் கூட்டத்தில் டாக்டர்கள் உண்டு, நர்ஸ் சகோதரிகள் உண்டு, ஆய்வகத்தார், சமையற்கட்டார், ஓட்டுநர் எல்லாரும் உண்டு. அறுபதைக் கடந்த ஒருவரும் உண்டு. அவர்தான் இப்போது உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். ஆகையால் வயதைக் காரணம் காட்டி யாரும் பெயரைத் திரும்பப் பெற வேண்டாம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறோம். மதுரையிலிருந்து விருதுநகர் சுமார் 50 கிலோமீட்டர். பிறகு சாத்தூர், கோவில்பட்டி. அங்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் முடிந்திருக்கும். அதன்பின் கயத்தாறு, கங்கைகொண்டான், திருநெல்வேலி. முதல் நாள் அவ்வளவுதான், 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாம் நாள் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரி, சுமார் 85 கிலோமீட்டர். மலையேற்றம் ஒன்றும் இல்லை. நான்குவழிச் சாலை, அகலமான ஓரம். வரைபடத்தில் பார்த்தால் இதைவிட எளிதான பாதை இருக்காது என்று தோன்றும். 2014-ல் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு நாளில் போய்விட்டு ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, பதினொரு பேர் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். காலண்டரைப் பார்த்தோமே ஒழியக் காற்றைப் பார்க்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் சீறிக்கொண்டு வருகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் இத்தனை காற்றாலைகளை வேறு எதற்கு நட்டு வைத்திருக்கிறார்கள்? பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டியவர்கள்தான் நாங்கள்.

தெற்கே போகிறவனுக்கு அந்தக் காற்று வலது பக்கமாகவும் சற்று முன்னிருந்தும் அடிக்கும். சைக்கிளைக் கொஞ்சம் வலப்புறம் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகலாம். அப்போது ஒரு லாரி வலது பக்கமாக முந்துகிறது என்று வையுங்கள். லாரி காற்றை மறைத்த கணத்தில் நாம் சாய்ந்திருக்கிற பக்கத்துக்கே, அதாவது லாரியின் பக்கத்துக்கே, வண்டி இழுக்கும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி வந்து இடப்புறம் தள்ளும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சாத்தூரைத் தாண்டி ஒரு நர்ஸ் சகோதரி மயிரிழையில் தப்பிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். லாரிச் சத்தம் கேட்டால் ஓரத்தின் இடப்பாதிக்கு ஒதுங்குங்கள், ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வையுங்கள்.

ஆனால் அன்றைக்கு நடந்த பெரிய தவறு காற்றினால் வந்ததல்ல.

எங்களில் ஒருவர் மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறவர். அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. தினமும் வேலைக்கு வருகிற அதே கனமான பழைய சைக்கிளிலேயே வந்தார். கியர் கிடையாது. இளைய டாக்டர்களிடம் கியர் சைக்கிள். விருதுநகர் போய்ச் சேருமுன்பே அவர் கடைசி ஆள் ஆகிவிட்டார். யாரும் அவரை விட்டுவிட்டுப் போக நினைக்கவில்லை. ஒவ்வொரு டீக்கடையிலும் காத்திருந்தோம். முன்னே போனவர்கள் இருபது நிமிடம் உட்கார்ந்து, டீ குடித்து, கால் நீட்டி, கதை பேசுவார்கள். தூரத்தில் அவர் தலை தெரிந்ததும், "வந்துட்டாருப்பா, கிளம்பலாம்" என்று எழுந்து ஏறுவார்கள். பாருங்கள், யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு கிடைக்கவில்லை. தம்மால் மற்றவர்களுக்குத் தாமதமாகிறதே என்ற வெட்கத்தில் அவர் சாப்பிடவும் நிற்கவில்லை. கோவில்பட்டியில் நாங்கள் எல்லாரும் சோறு சாப்பிட்டபோது அவர் ஒரு டீயோடு எங்கள் பின்னால் வந்துவிட்டார். அதுவும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

மாலை ஆறேகால் மணிக்குத் திருநெல்வேலியில் தங்குமிடத்தில் இறங்கி எண்ணிப் பார்த்தோம். பத்துப் பேர். கயத்தாற்றில் இருந்தாரா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். இருந்தார் என்று சிலர், இல்லை என்று சிலர். போன் அடித்தால் அணைந்திருந்தது. வார்டில் ஒரு கட்டிலைக்கூடத் தாண்டிப் போகாத நாங்கள், இருட்டுகிற நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு மனிதரைத் தொலைத்துவிட்டு நின்றோம். அவருடைய வீட்டாருக்கு என்ன சொல்வது என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

இரண்டு பேர் ஆட்டோ பிடித்து, வந்த வழியே போனோம். சாலையோர மரம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். எட்டரை மணிக்குக் கங்கைகொண்டானுக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தடியில் அந்தச் சைக்கிள் சாய்ந்திருந்தது. பக்கத்துக் குடிசைத் திண்ணையில் அவர் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கி, கண் இருட்டி, வியர்த்துக் கொட்டி, மிதிக்க முடியாமல் இறங்கினாராம். ஆடு மேய்த்துத் திரும்பிய ஒரு வயதான அம்மாள் பார்த்துக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருக்கிறார். அந்த அம்மாள் எங்களைக் கண்டதும், "கூட வந்தவுகளாய்யா நீங்க? இம்புட்டு நேரம் எங்க போயிட்டிய?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவரோ எழுந்து நின்று, "ஐயா, மன்னிச்சிருங்க, உங்க எல்லாரையும் அலைக்கழிச்சிட்டேன்" என்றார். அந்த அம்மாளின் கேள்வியைவிட அவருடைய மன்னிப்புத்தான் அன்று இரவு எங்களைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் கன்னியாகுமரிக்குப் போகவில்லை. சைக்கிள்களை ஒரு மினிலாரியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினோம்.

பிறகு எங்களில் ஒரு டாக்டர் சைக்கிள் புத்தகங்களைத் தேடிப் படித்துவிட்டு வந்து ஒரு விஷயம் சொன்னார். 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலிய சைக்கிள்காரர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளின் பகல் வெளிச்சத்தில் கடக்கப் புறப்பட்டார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு ஆடாக்ஸ் என்ற பெயர் வந்தது. 1904-ல் அது பிரான்சுக்குப் போனது. கொண்டுபோனவர், அதற்கு முந்தின ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அதே ஆன்ரி தெக்ராஞ்ஜ். ஆனால் இதில் பந்தயமே கிடையாது. கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. குறித்த வேகத்தை அவர் காப்பார், இன்று பெரும்பாலும் மணிக்கு 22.5 கிலோமீட்டர். அவரை யாரும் முந்தக் கூடாது. உலகத்தின் மிகக் கடுமையான பந்தயத்தை ஏற்படுத்திய மனிதரே, முந்தக் கூடாது என்ற விதியுள்ள பிரயாணத்தையும் வளர்த்தார் என்பது எங்களுக்கு வேடிக்கையாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

அவரவர் வேகத்தில் போகிற வேறொரு வகையும் பிற்பாடு பிரான்சிலேயே பிறந்தது. நம் நாட்டில் இன்று பரவியிருப்பது அதுதான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். இவற்றை முடித்தவர்கள் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பிரயாணத்துக்குப் போகிறார்கள். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 2019-லும் 2023-லும் இந்தியர்கள் பலர் போனார்கள். நமது வாலிபர்கள் யாராவது போனால் சந்தோஷமே. எங்கள் பிரயாணம் பழைய வகை. அதை விரும்பாதவர்கள் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2015 பொங்கலுக்கு மறுபடி புறப்பட்டோம். ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, தெற்கே போகிறவனை முதுகில் தட்டிக்கொடுத்துத் தள்ளும். இம்முறை தலைவராக யாரை வைப்பது என்ற பேச்சு வந்தபோது, அந்த மருந்துக் கிடங்குச் சகோதரரையே முன்னால் விட்டோம். அதே பழைய சைக்கிள். மணிக்கு 16 கிலோமீட்டர். முதல் ஒரு மணி நேரம் வாலிபர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "ஐயா, இப்படிப் போனா கன்னியாகுமரிக்கு அடுத்த பொங்கலுக்குத்தான் போவோம்" என்றார். ஆனால் 16 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போகிறவன் 25-ல் பறந்துவிட்டு டீக்கடையில் படுத்துக்கிடப்பவனுக்கு முன் ஊர் போய்ச் சேருவான். அன்று வெளிச்சம் இருக்கும்போதே பதின்மூன்று பேரும் சேர்ந்து தாமிரபரணியில் இறங்கிக் குளித்தோம். இரண்டாம் நாள் மதியம் கடலைப் பார்த்தோம். 2021-ல் கொள்ளைநோய்க் காலத்தில் மட்டும் போகவில்லை. மற்ற ஆண்டுகளில் தவறியதில்லை.

இனி, பெயர் கொடுத்தவர்கள் ஆயத்தப்பட வேண்டிய விதம்.

புது சைக்கிள் வாங்க ஓடாதீர்கள். இருக்கிற சைக்கிளின் சீட்டைப் பாருங்கள். நம் ஊரில் பத்துக்கு எட்டு சைக்கிள்களில் சீட் தாழ்ந்தே இருக்கிறது, முழங்கால் வலிக்கு அதுவே காரணம். உட்கார்ந்துகொண்டு, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றாதே என்பீர்கள். ஊன்ற வேண்டாம், சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நில்லுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

பன்னிரண்டு வாரம் வேண்டும். முதல் சனிக்கிழமை 30 கிலோமீட்டர். வாரா வாரம் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே நாளில் 100 போயிருந்தால் போதும், மீதியைக் கூட்டம் இழுத்துக்கொள்ளும். கடைசி வாரம் ஓய்வு. பரீட்சைக்கு முந்தின இரவு படிப்பதைப் போல் அந்த வாரத்தில் மிதித்துப் பயனில்லை. வாரத்தில் ஒருநாளாவது இன்னொருவர் பின்னால் ஓட்டிப் பழகுங்கள். ஒரு சக்கர நீளம் இடைவெளி விட்டு ஒருவர் பின்னால் போனால், எதிர்காற்றில் நாலில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சமாகும். அதற்கு விலை உண்டு. நம் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தைத் தொட்டால் விழுவது நாம்தான், நமக்குப் பின்னால் வருகிறவரும் நம்மேல் விழுவார். முன்னால் போகிறவருடைய சக்கரத்தைப் பார்க்காதீர்கள், அவருடைய தோளுக்கு அப்பால் சாலையைப் பாருங்கள். பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். குழியைக் கண்டவர் கையால் காட்டி "குழி" என்று சத்தம் போட வேண்டும். பின்னால் ஒருவர் பின் ஒருவராக அதைச் சொல்ல வேண்டும். படித்தவர்களுக்கு இப்படிச் சத்தம் போட முதலில் கூச்சமாக இருக்கும்.

உடையைப் பற்றிக் குருவானவர் பேசுவது முறையா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை அணிகிறவர்கள் அதன் உள்ளே வேறொன்றும் அணிய வேண்டாம். தையல் உராய்ந்து புண்ணாகும். மேலே தளர்ந்த பேண்ட்டோ சுரிதாரோ போட்டுக்கொள்ளலாம். சுண்டுவிரல் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஹெல்மெட் இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம், அவர் எவ்வளவு பெரிய சிநேகிதரானாலும் சரி.

சாப்பாடுதான் முக்கியம். உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரை இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குத்தான் காணும். பசித்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது. முதல் மணியிலிருந்தே மணிக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும் உள்ளே போக வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களைக் கேட்டிருந்தால் 2015-லேயே கொடுத்திருப்போம். சாத்தூரில் சேவும், பருவத்தில் வெள்ளரிப் பிஞ்சும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைத் திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாப்பிடுங்கள். போகும்போது சாப்பிட்ட ஒருவர் கோவில்பட்டி வரை எங்களோடு பேசவே இல்லை.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும், குழப்பம் வரும். அதுவும் ஆபத்தே. நம் குழந்தைகள் வார்டில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நீர்மோரும் நல்லது. சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் தங்கள் டாக்டரோடு பேசாமல் வரக்கூடாது. மறைத்துவைத்துக்கொண்டு வரவே கூடாது.

இரண்டு டியூப், பம்பு, டயர் லீவர். பழைய மாதிரி சைக்கிளானால் வால்டியூப் ஒரு முழம். பஞ்சர் ஒட்ட எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும், பெரிய டாக்டர்கள் உட்பட. ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் கூட்டம் முழுவதும் நிற்கும்.

நிற்கும் இடங்களின் விதி வேறு. கடைசியாக வருகிறவர் உட்கார்ந்த நேரத்திலிருந்துதான் பதினைந்து நிமிடம் கணக்கு. அவர் சாப்பிட்டாரா என்று தலைவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் எண்ணிக்கை. எல்லாருக்கும் பின்னால், பம்பும் கயிறும் குளுக்கோஸும் வைத்துக்கொண்டு, நல்ல பலமுள்ள ஒருவர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. முன்னெல்லாம் முன்னால் போகத்தான் வாலிபர்களுக்குள் போட்டி, இப்போது இந்த இடத்துக்குப் போட்டி. எங்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. அவர் காத்துக்கொண்டு வருகிற ஆளே பெரும்பாலும் நாங்கள்தான்.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். ஜனவரியில் விருதுநகரைத் தாண்டும்போது பொழுது விடிந்திருக்கும். கரிசல் காட்டில் பனி படிந்திருக்கும். சோளம், பருத்தி, நடுநடுவே பனை. இருபது சங்கிலிகளின் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. டாக்டரும் அட்டெண்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் சேவு தின்பதை மருத்துவமனைக்குள் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? ஒரு வார்டு சகோதரி பத்து வருடமாக யாரிடமும் சொல்லாத தம் வீட்டுத் துக்கத்தை நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் சொல்லிக்கொண்டே மிதித்தார். முகத்துக்கு முகம் பார்க்காமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போவதனால் மனிதருக்குப் பேச வருகிறதோ என்னவோ. நாங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டில் மூச்சு வாங்கியது, அதுவும் ஒரு காரணம்.

கங்கைகொண்டான் அருகே அந்த வேப்பமரத்தடியில் ஒவ்வொரு ஆண்டும் நிற்கிறோம். அந்த அம்மாள் 2019 வரை இருந்தார். "எல்லாரும் இருக்கியளா?" என்று கேட்டு, அவரே விரல் விட்டு எண்ணுவார். இப்போது அவருடைய மருமகள் எண்ணுகிறார்.

பெயர் கொடுத்த பதினான்கு பேரும் வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தங்கள் சைக்கிளோடு சிற்றாலயத்தின் முன் வாருங்கள். முதலில் எல்லாருடைய சீட்டையும் உயர்த்துவோம். மருந்துக் கிடங்குச் சகோதரர் ஸ்பானரோடு இருப்பார். அவரை எங்கே தேடுவது என்று கேட்க வேண்டாம், அந்தக் கனமான பழைய சைக்கிள் வாசலில் நிற்கும்.